ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள்

இந்த நாட்டில் அடிக்கடி நோயில் விழுவது என் அப்பாதான்.

ஊரில் அவர் ஆஸ்பத்திரிப் படி ஏறியதே இல்லை. தலைவலி வந்தால் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்துவிடுவார். இங்கே எனக்குச் சளி பிடித்தால் காத்திருப்பு அறைக்கு வரும் நர்ஸ் அவர் பெயரைத்தான் கூப்பிடுவார். பாஸ்போர்ட்டில் என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் இருக்கிறது. பின்னால் இருப்பது குடும்பப் பெயர் என்பது இவர்கள் கணக்கு. நானும் எழுந்து போய் அப்பா சார்பில் நாக்கை நீட்டிவிட்டு வருவேன்.

மனைவிக்கு முறை வந்தால் என் மாமனாரைக் கூப்பிடுவார்கள். மகளுக்கு முறை வந்தால் என்னை.

"மூணு பேரும் ரூம் ஷேர் பண்ணி இருக்கோம்னு நினைச்சிருப்பாங்க" என்பாள் மனைவி. "அதுல ஒரு ஆளு கட்டில் முழுக்கக் குறுக்கால படுத்துக்குதுன்னு ஒரு புகார் குடுத்துடலாமா?"

அவள் வசந்த காலத்தில் இறந்தாள். முதுகு வலி என்று ஆரம்பித்தது. இங்கே நேராகப் பெரிய டாக்டரிடம் போக முடியாது, குடும்ப டாக்டர் அனுப்ப வேண்டும். குடும்ப டாக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார், பாராசிட்டமால் கொடுத்தார். மறுபடி போனபோதும் அதையே சொன்னார். அவள் இரண்டையும் தவறாமல் செய்தாள். நல்ல நோயாளி என்று பெயர் வாங்கினாள். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது மகளின் காதைப் பற்றி.

மகளுக்கு இடது காது சரியாகக் கேட்கவில்லை என்று கண்டுபிடித்தவளும் மனைவிதான். ஊரிலிருந்து போன் வந்தால் குழந்தை அதை வாங்கிய கையோடு வலது காதுக்கு மாற்றிக்கொள்வதைக் கவனித்திருக்கிறாள். படுக்கையில் இருந்தபடியே நாலு இடத்துக்குப் பேசி, காது டாக்டரிடம் ஒரு தேதி வாங்கி வைத்தாள். இங்கே சிறப்பு மருத்துவரிடம் தேதி வாங்குவதற்கு மாப்பிள்ளை தேடுவது தேவலை. ஒரு தேதி தவறினால் அடுத்தது மறு வருஷம்தான்.

பள்ளிக்கூடத்தில் வேறு கருத்து இருந்தது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, தாயை இழந்த துக்கம் என்றார் டீச்சர். ஆலோசகர் ஒருவரை வரவழைத்தார்கள். அவர் வண்ணப் பென்சில்களைப் பரப்பி, மனதில் இருப்பதை வரையச் சொன்னார். மகள் யானை வரைந்தாள். யானையின் காது ஏன் அவ்வளவு சிறியது என்று அவருக்குப் பெரிய கவலை வந்துவிட்டது. மென்மையான குரலில் நிறையக் கேள்வி கேட்டார். அவளுடைய இடது பக்கம் உட்கார்ந்து கேட்டார்.

மகளின் மருத்துவக் காப்பீடு மனைவியின் வேலை வழியாக வந்தது. எனக்கு என் கம்பெனி அட்டை. மனைவி இறந்ததும் காப்பீட்டு அலுவலகம் அவள் கணக்கை முடித்துவிட்டது. இந்த நாட்டில் நான் பார்த்த ஒரே சுறுசுறுப்பு அதுதான். தாய் முடிந்ததால் அவளுக்குக் கீழே இருந்த மகளும் முடிந்தாள். காது கிளினிக்கிலிருந்து போன் வந்தது. திங்கட்கிழமை தேதி. அதற்குள் செல்லுபடியாகும் அட்டை வராவிட்டால் அந்த இடத்தை வேறு குழந்தைக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

ஊரில் இருக்கும் என் அக்காவிடம் போனில் சொன்னேன்.

"இதென்னடா கூத்து? இங்க தெருமுனையில காது டாக்டர் இருக்காரு. செருப்பக் கழட்டிட்டு உள்ள போனா, அது சூடு ஆறுறதுக்குள்ள வெளிய வந்துடலாம். பிள்ளையத் தூக்கிட்டு வந்துடு."

"அவ வாங்கி வச்ச தேதிக்கா."

பிள்ளை சாப்பிட்டாளா என்று கேட்டாள் அக்கா.

வெள்ளிக்கிழமை காப்பீட்டு அலுவலகத்தில் போய் உட்கார்ந்தேன். மேசையில் சின்னக் கள்ளிச்செடி வைத்திருந்த ஒரு அம்மாள் கணினியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இந்தக் குழந்தைய உங்க கார்டுல சேக்கணும். சரி. உங்களுக்கு என்ன உறவு?"

"மகள்."

"குடும்பப் பேரு ஒத்துப் போகலையே. குழந்தையோட குடும்பப் பேரு உங்க முதல் பேரு."

"ஆமா. என் பேருதான் அவளுக்குப் பின்னாடி வரும்."

"அப்ப உங்க குடும்பப் பேரு?"

"அது என் அப்பாவோட பேரு."

"குழந்தையோட அம்மா?"

"அவங்களுக்கு அவங்க அப்பா பேரு."

அவர் கணினியை விட்டு என்னைப் பார்த்தார். "உங்க நாட்டுல குடும்பத்துக்குன்னு பேரே கிடையாதா?"

"குடும்பம் உண்டு. பேருதான் இல்ல."

மகளின் பிறப்புச் சான்றிதழை நீட்டினேன். அதில் அப்பா என்ற இடத்தில் என் பெயரும், அதற்கு முன்னால் ஒரு எழுத்தும் புள்ளியும் இருந்தன.

"இந்த எழுத்து என்ன?"

"என் அப்பா."

"ஒரே எழுத்தா?"

"சுருக்கி வச்சிருக்கோம்."

கள்ளிச்செடி அம்மாள் சிரிக்கவில்லை. சான்றிதழைத் தூதரகத்துக்கு அனுப்பிச் சரிபார்க்க வேண்டும் என்றார். எப்போது வரும் என்றேன். இலை உதிர்வதற்குள் வந்துவிடும் என்றார். ஜன்னலுக்கு வெளியே மரங்கள் அப்போதுதான் துளிர்த்து முடித்திருந்தன.

பிறகு அவருக்கு ஒரு விதி ஞாபகம் வந்தது. வெளிநாட்டவரின் குடும்ப விவகாரம் என்றால் மொழிபெயர்ப்பாளர் கட்டாயம். இவ்வளவு நேரம் அவர் மொழியில்தானே பேசினேன் என்றேன். விதி விதிதான் என்று போனை ஒலிபெருக்கியில் போட்டார். மறுமுனையில் பிரஷர் குக்கர் விசில் அடித்தது.

"வணக்கம். நான் மொழிபெயர்ப்பாளர். என்ன தம்பி, என்ன பிரச்சனை?"

சொன்னேன்.

"ஐயய்யோ, இந்தப் பேரு பிரச்சனையா! என் பேருக்குப் பின்னாடி வீட்டுக்காரர் பேரு. அதனால அவரு என் அப்பான்னு எழுதி வச்சிருக்காங்க. அன்னைக்கு ஆரம்பிச்சவரு, வாரா வாரம் தலைக்குச் சாயம் அடிக்கிறாரு." மறுபடி விசில். "வீட்ல அவங்களக் கூட்டிட்டு வந்தா சுலபமா முடிஞ்சிருமே தம்பி. அம்மான்னா கேள்வி இல்ல."

"அவ இறந்துட்டாக்கா. அதான் கார்டு போச்சு."

அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"அவரு என்ன சொல்றாரு?" என்றார் கள்ளிச்செடி அம்மாள்.

மொழிபெயர்ப்பாளர் அக்கா அந்த அம்மாளின் மொழியில் நெடுநேரம் பேசினார். நான் பேசியதைப் போல எட்டு மடங்கு இருக்கும். நடுவே குரல் உயர்ந்தது. பிறகு தமிழுக்குத் திரும்பினார்.

"தம்பி, சொன்னத மட்டுந்தான் நான் சொல்லணும், அதான் ரூல். இருந்தாலும் சொல்றேன். இவங்ககிட்ட நியாயம் பேசி ஆகாது. அப்பான்னு நிரூபிக்கத்தான் தூதரகம், சான்றிதழ் எல்லாம். உறவே இல்லாத ஆளு ஒரு அநாதப் பிள்ளைய வச்சு வளக்குறாருன்னா எதுவும் வேணாம். ஒரே விலாசத்துல இருந்தாப் போதும். கார்டியன்னு போட்டு இன்னைக்கே கார்டு தருவாங்க."

"நான் அவ அப்பாக்கா."

"நமக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்கு எதுக்கு? சான்றிதழ் வந்தா மாத்திக்கலாம். திங்கக்கிழம பிள்ள காது பாக்கணுமா, இல்ல நீங்க அப்பாவா இருக்கணுமா?"

கள்ளிச்செடியைப் பார்த்தேன். அதில் ஒரு பூ இருந்தது. பிளாஸ்டிக்.

"கார்டியன்னே போடுங்க" என்றேன்.

அந்த அம்மாளின் முகம் அன்றைக்கு முதல் தடவையாக மலர்ந்தது. விரல்கள் பறந்தன. பெற்றவனுக்கு இலை உதிர வேண்டும், ஊரானுக்கு ஒரு பொத்தான் போதும். எழுந்து நின்று கை குலுக்கினார்.

"பெரிய மனசு உங்களுக்கு. யாரோ பெத்த பிள்ளைய எடுத்து வளக்க எத்தன பேருக்கு மனசு வரும்?"

"எங்க நாட்டுல அது சகஜம்" என்றேன்.

திங்கட்கிழமை. காது கிளினிக்கில் நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டார். மகள் திரும்பவில்லை. நான் அவளுடைய வலது பக்கம் குனிந்து, "வா, நம்மளத்தான்" என்றேன்.

கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, பெரிய ஹெட்போனை மாட்டினார்கள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். வலது காதுக்கு வகுப்பில் முதல் மாணவி மாதிரி தூக்கிக்கொண்டே இருந்தாள். இடது காதுக்கு மாற்றினார்கள். கை மடியிலேயே கிடந்தது. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். பரீட்சையில் ஏதோ விட்டுவிட்டது போல ஒரு முகம்.

டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது, ரொம்ப நாளாக. ஒரு சின்னக் குழாய் வைத்தால் வடிந்துவிடும், நன்றாகக் கேட்கும். அடுத்த வாரமே செய்துவிடலாம் என்றார்.

"துக்கத்தால வந்ததா?" என்று கேட்டேன். பள்ளிக்குச் சொல்ல வேண்டும்.

"நீர் சார்" என்றார் டாக்டர். "வெறும் நீர்."

கிளம்பும்போது நர்ஸ் கணினியைப் பார்த்துவிட்டு, மகளுக்கு எதிரே மண்டியிட்டு, என்னைக் காட்டிக் கேட்டார்.

"இவங்க யாரு, செல்லம்?"

மகள் அவர் உதடுகளைக் கவனமாகப் பார்த்தாள்.

"அப்பா."

நர்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. என் முழங்கையைத் தொட்டார்.

"அதுக்குள்ள உங்கள அப்பான்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாளே!"

"ஆமாங்க" என்றேன். "சீக்கிரம் ஒட்டிக்கிட்டா."

மகளின் கோட்டுப் பொத்தான்களைப் போட்டுவிட்டேன். அவளுடைய வலது பக்கமாக நடந்தேன். அடுத்த வாரத்திலிருந்து எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நடக்கலாம்.