ஊற்றுத் தண்ணீர்

பழவேற்காட்டு ஏரிக்கரை ஊரான தோணிரேவில் அங்காளம்மாளைப் போல இறால் தடவுகிறவள் கிடையாது என்று பேர். பனையோலைப் பறிக்கூடையைப் பல்லில் கவ்வி, ஏரிச் சேற்றைத் துழாவினால் கை சும்மா வராது. ஒரு கோடையில் அவள் கால்கள் மரத்துப்போயின. தேறின, மறுபடி தளர்ந்தன. கோல் ஊன்றி நடந்தாள். அதைப் பொறுத்துக்கொண்டாள். மூத்திரம் போகவேண்டிய நேரத்தில் முழுசாகப் போகாமலும், போகக்கூடாத நேரத்தில் அடங்காமலும் படுத்தியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பழவேற்காட்டில், வேளாவேளைக்கு மணி அடிக்கும் ஒல்லாந்தர் கோட்டைக்கு எதிரே சந்தை. அங்கே இறால் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே ஒருநாள் சேலை நனைந்துவிட்டது. பக்கத்துக்காரிகள் மூக்கைப் பொத்தி நகர்ந்தார்கள். அன்றிலிருந்து நாக்கு நனைக்க மட்டுமே தண்ணீர் குடித்தாள்.

பிறகு மூத்திரம் நெருப்பாய் எரிந்தது. குளிர்காய்ச்சல் வந்தது; காய்ச்சலோடு கால்கள் துணியாய்த் துவண்டன. ஆறியது, திரும்பத் திரும்ப வந்தது. புருஷன் தருமன் சுண்ணாம்புக்குளத்து வைத்தியரிடம் கூட்டிப்போனான்.

"தண்ணி நல்லா குடிக்கிறியாம்மா?"

"குடிக்கிறேன்யா," என்றாள் தரையைப் பார்த்து.

ஏரித் தண்ணீர் உப்பு. அவளுக்கென்று தருமன் தினமும் தோணி தள்ளிப் போய், மணல்மேட்டு ஊற்றில் நல்ல தண்ணீர் மொண்டு வருவான். ஒருநாள் காற்று சரியில்லையென்று சீக்கிரமே திரும்பியவன், அவள் தவழ்ந்து வந்து குடத்தை மணலில் கவிழ்ப்பதைப் பார்த்துவிட்டான்.

"இன்னாடி பண்றே? நான் கொணாந்த தண்ணிடி அது!"

அவளால் நிமிர முடியவில்லை. "குடிச்சா நனைஞ்சுடுது. நாத்தத்துல படுக்க முடியலைன்னு உங்க அக்காகிட்ட சொன்னீங்களே, கேட்டுக்கினுதான் இருந்தேன்."

தருமன் முகம் செத்துப்போனது. வெறுங்குடத்தை எடுத்துக்கொண்டு மறுபடி ஊற்றுக்குப் போனான்.

மறுநாள் வைத்தியரிடம் முந்தானைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"உள்ள தேங்கினா கெட்டுப்பூடும்மா. தண்ணி குடி. கோட்டை மணி கேக்கறப்பல்லாம் போய்க் குந்து, வந்தாலும் சரி, வரலைன்னாலும் சரி. முடிஞ்சிடுச்சுன்னு எழுந்துக்காதே. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தபா போ. அப்பால சுத்தமா கழுவிக்கோ. காலைத் தேத்த என்கிட்ட மருந்து இல்லை. இந்தக் காய்ச்சலைத் தள்ளிவெக்கலாம்."

குடிசைக்குப் பக்கத்தில் தருமன் ஓலைத்தட்டி கட்டினான். பிடித்து உட்கார இரண்டு கழி நட்டான். மழைக்காலத்தில் ஒருமுறை காய்ச்சல் வந்தது. அதற்கப்புறம் நெடுநாள் தலைகாட்டவில்லை. கால்கள் மட்டும் பழையபடி ஆகவில்லை.

கூச்சமும் போகவில்லை. மணி அடித்தால் ஊர்ப் பெண்கள் அவள் வாசலைப் பார்த்துச் சிரிப்பார்கள். முகம் எரிய எரிய, கோலை ஊன்றி அவள் தட்டிக்குப் பின்னால் போவாள். அந்த நேரம் பார்த்து, பழுது ஒன்றும் இல்லாத தோணியை வெளியே மரச்சுத்தியால் 'டொக் டொக்'கென்று தட்டிக்கொண்டிருப்பான் தருமன், உள்ளே எழுகிற சத்தம் யாருக்கும் கேட்காதபடி.