பதினோராவது இழுப்பு

நூறு கிராம் மணலைக் கம்பளத்தில் பரப்பி, கனமான உருளையை அதன்மேல் பத்து முறை உருட்ட வேண்டும். மணல் இழைகளுக்குள் இறங்கினால்தான் சோதனை. மேலாகக் கிடக்கிற தூசியை எந்த மெஷினும் இழுத்துவிடும். அதைச் சொல்ல ஒரு பத்திரிகை வேண்டியதில்லை. டேட்டன் நகரில், வீட்டுச் சாமான்களைச் சோதித்து மதிப்பெண் போடும் எங்கள் பத்திரிகையின் சோதனைக்கூடத்தில் பத்தொன்பது வருடமாக நான் செய்வது இதைத்தான். இப்போதெல்லாம் வருவது பெரும்பாலும் ஒயர் இல்லாத வேக்குவம் கிளீனர்கள்.

எந்தக் கம்பெனி என்று எங்களுக்குத் தெரியாதபடி பெயரின் மேல் கறுப்பு டேப் ஒட்டி எண் எழுதியிருக்கும். டிக் டிக்கென்று தாளம் போட ஒரு பெட்டி. அந்தத் தாளத்துக்கு முன்னும் பின்னுமாக இருபது இழுப்பு. எவ்வளவு மணல் உறிஞ்சியது என்பதைத் தராசு சொல்லும். கைக்குச் சுகமா என்பதைத் தராசு சொல்லாது, நான் சொல்வேன். பத்துக்கு இத்தனை என்று இந்த லோர்னா பெட்ரஸ்கி எழுதினால் அதுதான் கடைசி வார்த்தை. அதில் எனக்குக் கர்வம் உண்டு, ஒளிப்பானேன்.

ஒளித்தது வேறு. ஜனவரியிலிருந்து என் வலது ஆள்காட்டி விரல் மூட்டு வீங்கிக் கிடந்தது. இந்த மெஷின்களில் பாதிக்குக் கைப்பிடியில் உள்ள விசையை விரலால் அழுத்திப் பிடித்தபடியே இருக்க வேண்டும், விட்டால் நின்றுவிடும். பேட்டரி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பார்க்கும்போது மட்டும் விசையை ஒட்டுப்பட்டையால் இறுக்கிக் கட்டிவிடுவது எங்கள் வழக்கம். அத்தனை நேரம் யார் பிடித்துக்கொண்டு நிற்பது? அந்தப் பட்டையைக் கழற்ற மறந்தவள் போல, கம்பளச் சோதனையையும் அதோடேயே செய்ய ஆரம்பித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். என்னை யார் கேட்பது?

கை சரியில்லாதவர் சோதனை மேடையில் நிற்கக் கூடாது என்ற விதியை எழுதியவளே நான்தான். ஆறு வருடத்துக்கு முன், என்னோடு சோதனை செய்துகொண்டிருந்த ஹாலிஸ் தோள்வலியோடு ஒன்பதாவது இழுப்பில் மெஷினைக் கீழே போட்டான். விதியைக் காட்டி அவனைக் கடிதப் பிரிவுக்கு அனுப்பினேன். வாசகர்களுக்குப் பதில் எழுதும் அறை அது, ஜன்னல்கூடக் கிடையாது. அங்கிருந்து அவன் அவ்வப்போது சில கடிதங்களை என் பார்வைக்கு அனுப்புவான். ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இந்த வசந்தத்தில் ஏழாம் எண் மெஷின் எல்லோரையும் அசத்தியது. மணல், நாய்முடி, சிந்திய காலை உணவு, எதையும் விடவில்லை. கைச் சுகத்துக்கு நான் ஒன்பது போட்டேன். வியாழக்கிழமை கூடத்தின் தலைவன் வெண்டல் காப்பியோடு வந்தான்.

"என்ன லோர்னா, ஏழாம் நம்பருக்கு ஒன்பதா? யாருக்கும் நீ ஏழுக்கு மேல போட்டதில்லையே. கல்யாணம் கில்யாணம் பண்ணிக்கப் போறியா அத?"

"உன்னவிடச் சத்தம் கம்மி. பண்ணிக்கிட்டாலும் தப்பில்ல."

சிரித்தான். "நாளைக்கு அச்சுக்குப் போகுது. எங்க அக்கா நேடீனுக்கு ஒண்ணு வாங்கிடப் போறேன். விரலெல்லாம் முடக்குவாதம், உனக்குத்தான் தெரியுமே. பழைய மெஷினை அவளால இழுக்கவே முடியல. நீ ஒன்பது போட்டிருந்தா, அவ கைக்கு ஒத்துக்கும்."

நேடீனை வருடா வருடம் எங்கள் ஆபீஸ் பிக்னிக்கில் பார்க்கிறேன். ஒரு முள்கரண்டியைப் பிடிக்க அவள் படும் பாட்டையும் பார்த்திருக்கிறேன். சத்தமில்லாமல் ஒன்பதை ஆறாக்கிவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் விசை வைத்த மெஷின்கள் இன்னும் ஐந்து இருந்தன. எல்லாவற்றுக்கும் நான் மதிப்பெண் போட்டது பட்டையைக் கட்டிக்கொண்டுதான்.

"வெண்டல், போகாத. அந்த உருளையை எடு."

"இப்ப எதுக்கு?"

"எடுன்னா எடு."

மணலைப் பரப்பினேன், அவன் உருட்டினான். ஏழாம் எண்ணின் கைப்பிடியிலிருந்து பட்டையை அவிழ்த்து அவன் கையில் வைத்தேன்.

"இது பேட்டரிக்குக் கட்டுறதாச்சே?"

"எல்லாத்துக்கும் கட்டினேன்."

தாளப் பெட்டியைத் தட்டிவிட்டேன். ஐந்து இழுப்பு வரை பல்லைக் கடித்தேன். ஏழில் முழங்கை வரை வலி ஏறியது. ஒன்பதில் ஹாலிஸின் முகம் வந்தது. பதினொன்றில் விரல் தானாக விட்டுவிட்டது. மெஷின் நின்றது, பெட்டி மட்டும் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. வெண்டல்தான் பெட்டியை நிறுத்தினான்.

"எத்தனை நாளா?"

"ஜனவரிலேர்ந்து. விசை வெச்சது மொத்தம் ஆறு. ஆறுக்கும் நான் போட்டது பொய்."

அவன் பட்டையைச் சுருட்டி, விரித்து, மறுபடி சுருட்டினான். "நேடீன் மூணு இழுப்புகூடத் தாங்க மாட்டா."

"மாட்டா."

"அந்தப் பக்கத்த நிறுத்தச் சொல்றேன். ஆனா உன்னை இனிமே மேடையில வெச்சுக்க முடியாது, லோர்னா. விதி இருக்கு."

"தெரியும். ஓட்டை இல்லாமத்தான் எழுதியிருக்கேன்."

ஒன்பதை அடித்து இரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேனாவைப் பிடிப்பதும் வலித்தது.

திங்கட்கிழமை கடிதப் பிரிவுக்குப் போனேன். ஹாலிஸ் எழுந்திருக்கவில்லை. பக்கத்து நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினான்.

"பதினொண்ணு வரைக்கும் தாக்குப் பிடிச்சியாமே. நான் ஒன்பதுலயே விட்டேன்."

"மன்னிச்சுடு, ஹாலிஸ்."

கீழ் இழுப்பறையைத் திறந்து ஒரு கடிதக் கட்டை எடுத்து என் முன்னால் வைத்தான். "மொதல்ல இதுக்கெல்லாம் பதில் எழுது. நான் ஒண்ணுக்கும் எழுதல. எனக்கு மனசு வரல."

விசையைப் பிடிக்க முடியவில்லை என்று ஒருத்தி எழுதியிருந்தாள். பாதி அறை முடிவதற்குள் விரல் மரத்துவிடுகிறது என்று இன்னொருவர். அறுபது எழுபது கடிதம் இருக்கும். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பச்சை மையில் ஒரே வரி, என் கையெழுத்தில்: 'மெஷினில் குறையில்லை. வாசகரின் கையில்தான் குறை.'