அக்காவ விட்டுடுங்க

தலைமைப் பண்பை வளர்க்க விளையாட்டாம். கருமம். ஓட்டல் போர்வைங்களைத் துவைச்சு மடிக்கிற எங்களை, சலவைக்கூடத்துக்கு மேல இருக்கிற ஏசி ரூம்ல உட்கார வெச்சு, ஆளுக்கொரு டேப்லெட்டைக் கையில குடுத்தாங்க. இஸ்திரிப் பிரிவுக்கு ஒரு சூப்பர்வைசர் வேணும். அது யாருன்னு விளையாட்டே சொல்லிடுமாம்.

அந்த வேலை அக்காவுக்குத்தான்னு நாங்க எல்லாரும் நினைச்சிருந்தோம். அக்கான்னா என் ஓரகத்தி, என் வீட்டுக்காரரோட அண்ணன் பொண்டாட்டி. கல்யாணமான நாள்லேருந்து எங்க ரெண்டு பேருக்கும் ஒரே அடுப்படி. என்னை இங்க சேர்த்துவிட்டதும் அவங்கதான். பழைய சூப்பர்வைசர் வேலையை விட்டு நின்னதுலேருந்து பிரிவை இழுத்துக்கிட்டுப் போறதும் அவங்கதான், பதவியும் இல்லாம, பேரும் இல்லாம.

விளையாட்டு நடத்த வந்தவருக்கு நாங்க வெச்ச பேரு கைதட்டி. தும்மினாக்கூட சூப்பர்னு தட்டுவாரு. திரையில ஒரு படகு, அதுல எங்க மூஞ்சிங்க. படகு முழுகப்போகுது, யாரைத் தண்ணியில விடுறதுன்னு குழுத் தலைவி சொல்லணும். தலைவி நான். இஸ்திரி ரோலர்ல ஒருத்தர் கை மாட்டினா ஓடிவந்து இழுக்கிற ஆளுங்க நாங்க. யாரைத் தண்ணியில தள்ளலாம்னு உட்கார்ந்து பேசுறதுக்குப் பேரு பயிற்சியா?

ஆளாளுக்கு ஒரு பேரு சொன்னாங்க. எவனோ அக்கா பேரை இழுத்தான். எனக்குச் சுருக்குனு கோவம் வந்துடுச்சு.

"அக்காவ விட்டுடுங்க"ன்னேன். அவங்க பக்கமே போகாதீங்கன்னு அர்த்தம்.

கைதட்டி தட்டினாரு பாருங்க. "சொந்தம்னுகூடப் பார்க்கல. இதான் தலைமை." அக்கா மூஞ்சி திரையிலேருந்து காணாமப் போச்சு.

"ஐயோ, நான் சொன்னது அது இல்ல சார்."

"முடிவை மாத்தக் கூடாதும்மா. உங்க பேருல மார்க் ஏறிடுச்சு, சூப்பர்வைசர் நீங்கதான்."

"அப்ப அந்த மார்க்கை அவங்களுக்கே போடுங்க. எனக்கு இந்தப் பதவி வேணாம்."

"படகுலேருந்து இறங்கினவங்களுக்கு மார்க்கே கிடையாது. நீங்க வேணாம்னா அடுத்த ஆளுக்குப் போகும், அவ்வளவுதான்."

மேனேஜர் தலையை ஆட்டிக்கிட்டே டீயை உறிஞ்சினாரு. சீ, இவங்களும் இவங்க விளையாட்டும்.

ரெண்டு பேரும் நடந்தே வீட்டுக்கு வந்தோம். வழியெல்லாம் கைதட்டியை வாயில வந்தபடி திட்டினேன். அக்கா ரெண்டடி முன்னாடியே நடந்தாங்க. வாசல்ல செருப்பைக் கழட்டினவங்க, என் மூஞ்சியைப் பார்க்காமலே கேட்டாங்க.

"நிஜமாச் சொல்லு. எந்த அர்த்தத்துலடி சொன்ன?"