டி பிரிவுக்கு ஒரு காரணம்

"அந்தப் பள்ளிக்கூடத்தப் பூட்டுற காயிதம் ஒங்கட கையாலதான் போகுதாமே, மச்சான்?"

நதீரா பிட்டுத் தட்டை மேசையில் வைத்தாள். வைத்த சத்தம் கேள்வியைவிடப் பெரிதாக இருந்தது. பாயிஸ் நிமிரவில்லை. மகள் அம்னாவுக்குக் காலுறை போட்டுக்கொண்டிருந்தான்.

"வலயக் கல்விக் கந்தோரால போகுது. நான் எழுதிக் குடுக்கிற ஆள்தான்."

"ராத்தா படிப்பிச்ச பள்ளிக்கூடம்."

"தெரியும்."

"தெரிஞ்சிக்கிட்டுத்தான் எழுதினீங்களா?"

அவன் காலுறையின் குதிகாலைத் திருப்பிச் சரிசெய்தான். அது முதலிலேயே சரியாகத்தான் இருந்தது.

நதீரா அவனுடைய மனைவி பாஹிமாவின் தங்கை. பக்கத்து வளவில் இருக்கிறாள், கணவன் கட்டாரில். பாஹிமா மௌத்தாகிப் பதினான்கு மாதம். டெங்கு. ஐந்து நாளில் முடிந்துவிட்டது. இந்த ஊரில் வீடு பெண்ணுக்குரியது. கலியாணம் முடித்த ஆண் தன் துணிமணியோடு மனைவி வீட்டுக்குப் போவான். பாயிஸும் அப்படித்தான் ஊரின் மேற்குப் பாதியான மேலூரிலிருந்து கடற்கரை வீதிக்குக் கிழக்கே வந்தான். வீடு பாஹிமாவுடையது, முற்றத்து மாதுளை பாஹிமாவுடையது, காலையில் பிட்டு அவித்துத் தருவதும் அவளுடைய தங்கை. யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. அவனும் விருந்தாளிபோலக் கதிரையின் நுனியில் உட்கார்ந்தே சாப்பிட்டான்.

பாஹிமா அட்டாளைச்சேனையில் ஆசிரியப் பயிற்சி முடித்து வந்து, ஐந்தாம் வகுப்புவரை உள்ள கடற்கரைப் பள்ளிக்கூடத்தில்தான் படிப்பித்தாள். அம்னாவையும் அங்கேயே முதலாம் வகுப்பில் சேர்த்தாள். டீச்சருடைய பிள்ளையே இங்கேதான் படிக்கிறது என்பது அந்தத் தெருக்களுக்கு ஒரு தைரியம்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த மறுவாரம் பாயிஸ் மகளை மேலூர்ப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு மாற்றினான். வதிவிடத்துக்குத் தன் உம்மாவின் மேலூர் முகவரியைக் காட்டினான். அடையாள அட்டையில் அவன் அதை மாற்றியிருக்கவில்லை. ஊரில் பாதி ஆண்கள் மாற்றுவதில்லை. தினமும் பாஹிமாவின் வகுப்பறையைத் தாண்டிப் போய் மகளை விட்டுவர அவனால் முடியவில்லை. அவ்வளவுதான் காரணம். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஊர் தானாக ஒரு காரணத்தை எடுத்துக்கொண்டது: கல்விக் கந்தோர் ஆளே பிள்ளையை எடுத்துவிட்டார், அப்படியானால் அங்கே ஏதோ இருக்கிறது.

மேலூரில் முகவரி காட்ட முடிந்தவர்களெல்லாம் காட்டினார்கள். மூன்று மாதத்தில் பதினெட்டுப் பிள்ளைகள் போயின. மிஞ்சியது நாற்பத்தேழு. ஐம்பதுக்குக் குறைந்த ஆரம்பப் பாடசாலைகளை அருகிலுள்ளவற்றோடு இணைக்கும் திட்டம் வலயத்துக்கு வந்தபோது, அந்தப் பட்டியலின் முதல் வரியில் பாஹிமாவின் பள்ளிக்கூடம் இருந்தது. தட்டச்சு செய்தவன் பாயிஸ்.

அன்று காலை பணிப்பாளரின் அறையில் பளீல் ஹாஜியார் காத்திருந்தார். ஹாட்வெயார் கடைக்காரர், பெரிய பள்ளிக்கூடத்து அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர்.

"புள்ளையள் வரட்டும், சேர். நாங்க வேணாண்டு செல்லல்ல," என்றார். "ஆனா தனிப் பிரிவா இரிக்கட்டும். பின்னால சுனாமி நேரம் அகதிகளுக்கு அடிச்ச ஷெட் சும்மா கெடக்குது. அதுக்குள்ள போறத்துக்குப் பின்கேற்றும் இரிக்கி."

"என்னத்துக்குத் தனியா?" என்று பணிப்பாளர் கேட்டார்.

ஹாஜியார் தொண்டையைச் செருமினார். "தாய் தகப்பன்மாரு கதைக்கிறாங்க. அதுல ஒஸ்தாட பேத்தியும் இரிக்கா. ஒரே வாங்குல பக்கத்துல இருத்தி..."

அதற்குமேல் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஊருக்கு முடி வெட்டி, ஆண்பிள்ளைகளுக்குச் சுன்னத்து வைக்கிற குடும்பத்தை ஒஸ்தா என்பார்கள். தொழுகை வரிசையில் அவர்களோடு தோளுரச நிற்பார்கள். கலியாண வீட்டில் ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடும் சஹனுக்கு வந்தால், அவர்கள் இருக்கும் சஹனில் ஆள் சேராது. பாஹிமா ஒரு மீலாத் விழாவில் வகுப்புப் பிள்ளைகளையெல்லாம் கலந்து சஹனில் இருத்தினாள். அம்னாவும் ஒஸ்தாவின் பேத்தி சிஹாமாவும் ஒரே சஹன். "ஊர் கதைக்கும்," என்று அன்று அவளிடம் சொன்னவன் பாயிஸ். அவள் அவனைப் பார்த்தாள்.

"அப்பிடி எழுத ஏலா," என்றார் பணிப்பாளர். "எல்லாப் புள்ளைக்கும் பொருந்துற பொது விதி ஒண்டு வேணும். பாயிஸ், ஒண்டு யோசிங்க."

பாயிஸ் யோசித்தான். "வதிவிடம்," என்றான். "கடற்கரை வீதிக்குக் கிழக்கால இரிக்கிற புள்ளையள் டி பிரிவு."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு அவனை உறுத்தியது அந்த வேகம்தான்.

மூன்றாம் நாள் ஹாஜியார் பட்டியலோடு அவன் மேசைக்கே வந்துவிட்டார்.

"தம்பி, என்ன வேல பாத்திரிக்கீங்க? என்ட பேரன் பின்கேற்றில!"

"ஒங்கட மகன் எங்க கலியாணம் முடிச்சிரிக்கார், ஹாஜியார்?"

"கடக்கரை வீதிக்கு அங்கால."

"அப்ப பேரன் இரிக்கிறதும் அங்கதானே."

"அது மருமகள்ட ஊடு!"

"நாம எல்லாரும் பொண்டாட்டிமார்ர ஊட்டுலதானே இரிக்கம். நீங்களும்தான்."

பக்கத்து மேசை எழுதுவினைஞன் துசாந் கோப்பொன்றைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான். "சட்டத்தில ஹாஜியாரும் அகதிதான்," என்று கோப்புக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

ஹாஜியார் அதைக் கேட்காததுபோல இருந்தார். "சரி, வாப்பாமார் பொறந்த ஊட்டு அட்ரஸ எடுங்க. அதான் முறை."

எடுத்தான். பேரன் ஏ பிரிவுக்கு வந்தான். அம்னாவும் வந்தாள். கூடவே சிஹாமாவும் வந்தாள்.

"இவ எப்பிடி இதுல?"

"அவட வாப்பா மேலூர் ஆள். விரும்பி முடிச்சவர். ஒங்கட தெருதான்."

ஹாஜியார் பட்டியலை நெடுநேரம் பார்த்தார். எந்தப் பக்கம் கோடு போட்டாலும் யாரோ ஒரு மகன் அதைத் தாண்டிப் போய்க் கலியாணம் முடித்திருந்தான்.

"விதி கெடக்கட்டும், தம்பி," என்றார் கடைசியில், குரலைத் தாழ்த்தி. "நான் பேரச் செல்றன். நீங்க குறிங்க."

தேநீரைக் குடித்தபடி முப்பத்தொரு பெயர் சொன்னார். ஒரு தாளையும் பார்க்கவில்லை. எந்தப் பிள்ளை எந்தக் குடும்பம், எந்தத் தகப்பன் யாருடைய தோணியில் போகிறான், எல்லாம் அவருக்கு மனப்பாடமாக இருந்தது. நாலாவது பெயர் சிஹாமா. எழும்பும்போது அவன் தோளைத் தட்டினார்.

"ஒங்கட மகள் ஏ பிரிவுதான். யோசிக்காதீங்க."

பாயிஸுக்கு நெஞ்சில் ஏதோ லேசானது. நிம்மதி. அது நிம்மதிதான் என்று தெரிந்தபோது அவனுக்குக் காது சுட்டது.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு முன், அப்துல் ஹமீட் ஒஸ்தாவின் சலூனுக்குப் போனான். வேறு சலூனுக்குப் போயிருக்கலாம். கால் அங்கேதான் போயிற்று.

ஹமீட் துணியைப் போர்த்திப் பிடரியில் முடிச்சுப் போட்டார். இணைப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஒலுவில் துறைமுகத்தில் மணல் மூடித் தோணி வரமுடியாமல் கிடப்பதைச் சொன்னார். மழையைச் சொன்னார். கத்தரிக்கோல் ஓய்ந்து சவரக்கத்தி வந்தபோது சொன்னார்:

"போன மாசம் பளீல் ஹாஜியார்ர பேரனுக்குச் சுன்னத்து வெச்சன். ஹாஜியார்தான் புள்ளைட கையப் புடிச்சிக்கிட்டு இருந்தார். அழுதுட்டார், பாவம்."

"ம்."

"நம்மட சிஹாமா டீச்சர் எழுதிக் குடுத்த கொப்பிய இன்னும் வெச்சிரிக்கா. தலமாட்டுல வெச்சிட்டுத்தான் படுப்பா."

பாயிஸ் கண்ணாடியைப் பார்க்காமல் கையைப் பார்த்தான்.

"நேத்துக் கேட்டா, அம்னா போற கேற்றாலயா நானும் போறண்டு." கத்தி அவன் கழுத்தின் பின்புறம் மெதுவாக இறங்கியது. "ஓமெண்டு செல்லிட்டன். சரிதானே, தம்பி?"

பாயிஸ் அசைந்தான்.

"கழுத்த ஆட்டாதீங்க," என்றார் ஹமீட். "வெட்டிரும்."

அவர் திரும்பக் கேட்கவில்லை. பேத்தி எந்தக் கேற்றால் போவாள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் ஓம் என்று சொல்லியிருந்தார்.

பின்னேரம் கந்தோரில் ஆட்கள் குறைவு. படிவம் கணினியில் திறந்து கிடந்தது. நான்கு நிரல்: பெயர், வதிவிடம், பிரிவு, காரணம். நான்காவது வெறுமையாக இருந்தது. ஹாஜியாருக்குப் போன் எடுத்தான்.

"காரணம் என்ன போட, ஹாஜியார்?"

"என்னயாவது போடுங்க, தம்பி. படிப்பு மட்டம் குறைவெண்டு போடுங்க."

மேசை இழுப்பறையில் பாஹிமாவின் வகுப்புப் பதிவேடு இருந்தது. மூடப்போகும் பள்ளிக்கூடத்துப் பதிவுகளோடு வலயத்துக்கு வந்தது. அவன் அதை அன்றுதான் திறந்தான். வாசிப்பு என்ற தலைப்பின் கீழ் சிஹாமாவின் பெயர் முதலாவது. அவளுக்கு இரண்டு வரி கீழே, அதே உருண்டைக் கையெழுத்தில், அம்னா.

பாயிஸ் தட்டச்சு செய்யத் தொடங்கினான். சிஹாமா, டி பிரிவு. காரணம்: தாயின் தகப்பன் ஊருக்குச் சுன்னத்து வைப்பவர். அடுத்த பெயர், டி பிரிவு. காரணம்: தகப்பனுக்குச் சொந்தத் தோணி இல்லை. முப்பத்தொரு பெயருக்கும் எழுதினான். பிறகு ஏ பிரிவுக்குப் போனான். ஹாஜியாரின் பேரன். காரணம்: பாட்டன் சங்கச் செயலாளர்.

கடைசி வரி அம்னா. அங்கே கை நின்றது. சுவரிலிருந்த மின்விசிறி மூன்று முறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பியது. எழுதினான்.

பணிப்பாளர் மேலிருந்த முகப்புக் கடிதத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட்டார். எப்போதும் அப்படித்தான். ஆட்சேபனைக்காகப் பட்டியலை இரண்டு வாரம் பாடசாலையில் ஒட்டிவைக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியையாவது சரியாகச் செய்யலாம் என்று பாயிஸ் எண்ணினான்.

திங்கட்கிழமை காலை அவனே ஒட்டினான், பெரிய பள்ளிக்கூடத்து முன்கேற்றுக்குப் பக்கத்துப் பலகையில். அம்னா அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் தாய்மார் சேரத் தொடங்கினார்கள். யாரோ உரத்து வாசித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினார்கள். நதீரா முக்காட்டை இழுத்துவிட்டபடி முன்னால் வந்து, ஒவ்வொரு வரியாக, கடைசிவரை வாசித்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். வீதியில் பளீல் ஹாஜியாரின் ஸ்கூட்டர் வந்து நின்றது.

அம்னா விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள். அவளுடைய பெயரைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"த...கப்பன்... இந்தப் பட்...டியலைத் தயா...ரித்தவர்." நிமிர்ந்தாள். "வாப்பா, இது ஒங்களையா?"

"ஓம், மகள்."

"நல்லதா, கூடாததா?"

ஒஸ்தாவின் கையைப் பிடித்தபடி சிஹாமா வீதியைக் கடந்து வந்துகொண்டிருந்தாள், முன்கேற்றை நோக்கி.

"கூடாதது," என்றான் பாயிஸ்.