கோழிப்பண்ணை ஹீட்டர்

மழை விட்டபாடில்லை. அருள்புரத்தில் திருமூர்த்தியின் பிரிண்டிங் ஷெட்டில், குழந்தைகளின் வெள்ளை பனியன் துணியில் அடித்த யானைப் படம் காய்வேனா என்றது. தொட்டால் விரலெல்லாம் நீல மை. அடுக்கி வைத்தால் ஒரு யானை இன்னொன்றின் மேல் ஒட்டிக்கொண்டது. திங்கட்கிழமை சரக்கைப் பார்க்க, அதை வாங்கும் பையரின் ஆள் வருகிறார்.

கரண்டில் ஓடும் ஹீட்டர் ஒன்றை வாடகைக்கு எடுக்கலாம் என்று சூப்பர்வைசர் சித்ரகலா சொல்லிச் சொல்லி அலுத்துப் போனாள். "பாக்கலாம் அம்மிணி" என்றே ஓட்டிக்கொண்டிருந்த திருமூர்த்தி, வெள்ளிக்கிழமை காலை டெம்போவோடு வந்து இறங்கினார். உள்ளே ஒரு கேஸ் சிலிண்டர், தகரக் குடை போட்ட ஒரு ஹீட்டர்.

"என்னுங்ண்ணா இது?"

"நம்ம மாப்பிள்ள சதீஷ்குமார் கோழிப்பண்ணையில இருந்து தூக்கியாந்தேன். குஞ்சுகளுக்கு வெக்கறது."

"ஸ்க்ரீன் கழுவற மண்ணெண்ணெய் இங்கதானுங்க இருக்குது. மழைக்கு ஷட்டரையும் இறக்கி உட்டிருக்கோம். இதுக்குள்ள நெருப்பு வெச்சா எப்படிங்க?"

"குஞ்சுகளே சும்மா இருக்குதுங்க. மனுசங்களுக்கு என்ன வந்துரும்?"

சித்ரகலா மண்ணெண்ணெய் டப்பாக்களைத் தானே தூக்கி வெளியே வைத்துவிட்டு வந்தாள். அதற்குள் அவர் ஹீட்டரைப் பற்றவைத்துவிட்டு, குளிர் காய்பவர் போல அதன் முன்னால் நின்றார்.

ஹீட்டரை ஒட்டி இருந்த துணி மட்டும் பழுப்பேறியது. கேஸ் எரிந்த ஈரமும் மூடிய ஷெட்டுக்குள்ளேயே தங்கி, மற்றதெல்லாம் முன்பைவிட ஈரமாகக் கிடந்தது. கொஞ்ச நேரத்தில், பீஸ் செக் பண்ணும் மோனிஷா மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, தல சுத்துதுக்கா" என்றபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சித்ரகலா ஓடிப்போய் கேஸை மூடினாள். ஷட்டரை மேலே தள்ளினாள். சாரல் உள்ளே அடித்து முன்வரிசைத் துணியெல்லாம் நனைந்தது.

"அம்மிணி! சரக்கு போச்சு!" திருமூர்த்தி கத்தினார்.

"போகட்டுங்க! துணிய மறுக்கா அடிச்சுக்கலாம். இந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவங்க ஊட்டுக்கு என்னன்னு சொல்றதுங்க?" மோனிஷாவை வாசலில் காற்றுப் படும்படி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

திருமூர்த்தி வாயைத் திறப்பதற்குள் அவர் போன் அடித்தது. சதீஷ்குமார். "மாமா, இங்க இருந்த இன்னொரு ஹீட்டரு ரிப்பேருங்க. குஞ்செல்லாம் குளுருல ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நசுங்குதுங்க. உடனே அனுப்புங்க!"

ஹீட்டரோடு டெம்போ வந்த வழியே திரும்பிப் போனது. திருமூர்த்தி நெற்றியைத் தேய்த்துக்கொண்டே நின்றார். அவருக்கும் தலைவலிதான், ஒத்துக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

சித்ரகலா அவரைக் கேட்கவில்லை. மிஷின் வாடகைக்கு விடும் கடைக்குப் போன் போட்டாள். டீசல் ஹீட்டர் நல்லா சூடாகும் என்றார் கடைக்காரர்.

"டீசலே எடு அம்மிணி, பெருசா எடு" என்றார் திருமூர்த்தி பின்னாலிருந்து.

"வெள்ளைத் துணிங்ண்ணா! புகை படிஞ்சா யாரு வெளுக்கறது?"

கரண்ட் ஹீட்டரே வந்தது. எலக்ட்ரீஷியன் முகிலன் வயரை இழுத்து மாட்டினான். அயர்ன் டேபிளும் கூடவே ஓடினால் ஃப்யூஸ் போய்விடும் என்றான். "அப்ப அயர்ன நிறுத்து" என்றாள் அவள், முதலாளி முகத்தைப் பார்க்காமலே. ஈரக் காற்று வெளியேற ஷட்டரில் ஒரு சாண் இடைவெளி விட்டாள்.

சாயங்காலம் திருமூர்த்தி ஒரு யானையைத் தடவிப் பார்த்தார். விரலில் மை ஒட்டவில்லை.

"இப்படி ஒண்ணு இருக்குதுன்னு மொதல்லயே சொல்லியிருக்கலாமல்ல அம்மிணி?"

சித்ரகலா அடுத்த வரிசைத் துணியை ஹீட்டர் பக்கம் நகர்த்தினாள்.

நனைந்த துணிக்காக ஞாயிற்றுக்கிழமையும் வேலை வைக்க வேண்டியதாயிற்று. மோனிஷா சனிக்கிழமை வரவில்லை. ஞாயிறு வந்தாள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. அந்தம்மா ஷெட்டின் நான்கு மூலையையும் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் மகளை உள்ளே விட்டாள். திங்கட்கிழமை சரக்கு பாஸ் ஆனது.