செவலைக்கு மெத்தை

அமராவதி ஆறு கரையேறி வந்த அன்று பழனாயியால் அவிழ்த்துவிட முடிந்தது ஒரு மாட்டைத்தான். மற்ற மூன்றும் கட்டிய கயிற்றோடு தொழுவத்திலேயே செத்துக் கிடந்தன. வருஷத் தீவனத்துக்கு வைத்திருந்த சோளத்தட்டுப் போர் கணியூரைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. மிஞ்சிய செவலை ஏழு மாதச் சினை. அது ஈன்றால்தான் அவள் மறுபடியும் சொசைட்டிக்குப் பால் ஊற்ற முடியும்.

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் மருமகன் தனபால் செய்தி கேட்டதுமே ஓடி வந்தான். நல்ல மனுஷன், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"அத்தை, தட்டு ஒரு லோடு எறக்கட்டுங்களா?"

"வேண்டாங்க மாப்பிள்ளை. தீவனமெல்லாம் கெடக்குதுங்க. தரைதான் சொதசொதன்னு இருக்குது, மாடு படுக்க மாட்டேங்குது."

தீவனம் எங்கே கிடந்தது? சுத்தப் பொய். பெண்ணைக் கொடுத்த இடத்தில் கை நீட்டுவதா என்கிற வீராப்பு. அத்தனையையும் அடித்துக்கொண்டு போன வெள்ளம் இந்தப் பாழாய்ப்போன வீராப்பை மட்டும் விட்டுவைத்திருந்தது.

மாடு படுக்கவென்று தனபால் அனுப்பி, திருப்பூர் ராயபுரத்திலிருந்து மூட்டை மூட்டையாகக் கட்டிங் வேஸ்ட் வந்து இறங்கியது. துணி வெட்டியபின் மிஞ்சும் பருத்தித் துண்டுகள், சிவப்பும் மஞ்சளுமாய். பழனாயி தொழுவம் முழுக்கப் பரப்பினாள். செவலை அதில் படுத்ததைப் பார்த்த பிறகுதான் அவளுக்கும் தூக்கம் வந்தது.

நிவாரணத் தீவனம் இதோ வருகிறது, அதோ வருகிறது என்றார்கள். வரவில்லை. வாய்க்கால் மேட்டில் அவள் அறுத்து வந்த புல் ஒரு வாய்க்குக்கூடப் போதவில்லை. ஒருநாள் செவலை அசை போடுவதை நிறுத்தியது. இடது பக்க வயிறு புடைத்துக்கொண்டு நின்றது.

கால்நடை டாக்டர் சுபஸ்ரீ வந்து, மரத்துப்போக ஊசி போட்டு, மாட்டை நிற்கவைத்தே வயிற்றைக் கிழித்தாள். தோள்வரை கையை விட்டு இழுத்தாள். சிவப்பு, மஞ்சள், மறுபடி சிவப்பு. துணி துணியாக வந்துகொண்டே இருந்தது.  பழனாயி தன் கையாலேயே பரப்பிய மெத்தை அல்லவா!

"பசிக்கொடுமைல தின்னிருக்குதுங்க. தட்டு போடலீங்களா?"

"வயித்துக் கன்னு என்னாச்சுங்க?" என்றாள் பழனாயி.

"கன்னுக்கு உசுரு இருக்குதுங்க," என்றாள் டாக்டர், தையலை முடித்தபடி. "தாய்க்கு இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதுங்க."

அந்த நேரம் பார்த்துத் தனபாலின் வேன் வந்து நின்றது. "இது இன்னும் மெத்துனு இருக்குமுங்க அத்தை," என்று ஒரு மூட்டையைத் தொழுவத்து ஓரம் இறக்கினான். அப்புறம்தான் தரையில் குவிந்து கிடந்ததைப் பார்த்தான். அவன் கம்பெனி நிறங்கள். முகம் செத்துப்போயிற்று.

"தீவனம் கெடக்குதுன்னு சொன்னீங்களே அத்தை?"

அவள் வாயைத் திறப்பதற்குள் செவலை, தையல் போட்ட வயிற்றோடு தள்ளாடி, கழுத்தை நீட்டி மூட்டையிலிருந்து ஒரு துண்டைக் கவ்வியது. பழனாயி பாய்ந்து அதன் வாயிலிருந்து பிடுங்கினாள். பிடுங்கிய துணியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"பொய் சொல்லிப்போட்டனுங்க மாப்பிள்ளை. மாடு பட்டினிங்க. தட்டு வாங்கிக் குடுங்க."