இடது பக்கத்து நக்கிள்

ஜாபெஸ் காப்பிச் செடிகளுக்கு நடுவே மண்டியிட்டு ஒரு சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், மேலே நாகலூரில் அவனுடைய அப்பாவுக்கு டை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏசுராஜ் உயிரோடிருந்தவரை டை கட்டியதில்லை. ஜீப் டிரைவருக்கு எதற்கு டை. செத்ததும் சபையார் எங்கிருந்தோ ஒரு கோட்டும் கொண்டுவந்துவிட்டார்கள். தோள் பத்தவில்லை என்று முதுகுப்புறம் கத்தரித்திருந்தார்கள். முன்னாலிருந்து பார்த்தால் கலெக்டர் மாதிரி இருந்தார்.

அவர் ஓட்டிவந்த ஜீப், கவிழ்ந்த இடத்திலேயே மூன்று சக்கரங்களை ஆகாயத்துக்குக் காட்டிக்கொண்டு கிடந்தது. போலீஸ் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தது. கிரேன் திங்கட்கிழமை வரும். கழன்று உருண்ட நாலாவது, முன்னால் இடது பக்கச் சக்கரம்தான் ஜாபெஸின் கையில்.

அவர்கள் சபையில் ஒரு வழக்கம். குடித்துவிட்டுச் செத்தவனின் பெட்டி கோயிலுக்குள் போகாது. கேட்டுக்கு வெளியே இறக்கிவைத்து, பாஸ்டர் சின்னதாக ஒரு ஜெபம் சொல்வார். அப்புறம் நேராகக் கல்லறைத் தோட்டம். ஏசுராஜ் குடித்திருந்தார் என்று சபைக் கமிட்டியிடம் சொன்னவர் ஜீப்பின் சொந்தக்காரர் பென்னி. ஜாபெஸின் தாய்மாமன். அழுதுகொண்டேதான் சொன்னார்.

அப்பா சனிக்கிழமை மட்டும் குடிப்பவர், செத்தது வியாழக்கிழமை. இந்த வாதத்தைக் கமிட்டி ஏற்கவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவு வர ஒரு மாதமாகும். கமிட்டி அதுவரை காத்திருக்கும் ரகமல்ல, பெட்டியில் இருப்பவரும்தான்.

நாலு போல்ட்டைக் கழற்றியதும் உடைந்த நக்கிள் கைக்கு வந்தது. முன்சக்கரத்தை அச்சோடு சேர்த்துப் பிடித்து, ஸ்டியரிங் சொன்ன பக்கம் திருப்பிவிடுகிற இரும்பு முட்டி அது. பாலிடெக்னிக்கில் அதற்கு ஒரு பாடமே உண்டு. அந்த ஜீப்புக்கென்று செய்த முட்டி, அந்த ஜீப்பின் டயரைத்தான் தாங்கும். மாமா அதில் டிராக்டர் டயரின் தம்பி மாதிரி ஒன்றை மாட்டி, சக்கரம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்படி நடுவில் இரும்பு வட்டும் கொடுத்திருந்தார். சஃபாரிக்கு வருகிற பெங்களூர்க்காரர்கள் படம் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். "ஸ்டியரிங் இழுக்குது மாப்ள" என்று அப்பா ரெண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "பெரிய டயருன்னா இழுக்கத்தானுங்க மச்சான் செய்யும்" என்பது மாமாவின் பதில்.

இரும்பு உடைந்த முகத்தைத் துடைத்துப் பார்த்தான். முக்கால்வாசி பழசாகக் கறுத்திருந்தது. ஓரத்தில் யாரோ வெல்டிங் வைத்த தழும்பு. கடைசியில் உடைந்த ஒரு கால்வாசி மட்டும் வெள்ளி மாதிரி மின்னியது. கறுப்புக்குள் ஓர் அங்குலத்துக்கு ஜீப்பின் மஞ்சள் பெயின்ட் இறங்கியிருந்தது. நக்கிளைத் துண்டில் சுற்றிக்கொண்டு நாகலூருக்கு ஏறினான்.

வீட்டு வாசல் பந்தலில் மாமா பாஸ்டரின் தோளில் சாய்ந்திருந்தார். ஜாபெஸைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"துண்டுல என்ன கண்ணு?"

"நக்கிளுங்க மாமா."

"அப்பனுக்கு அடக்கம். நீ இரும்பத் தூக்கிட்டுத் திரியறயேடா சாமி."

ஜாபெஸ் பாஸ்டருக்கு முன்னால் டீ வைத்திருந்த ஸ்டூலில் அதை வைத்தான். டம்ளர்கள் குலுங்கின.

"இது என்ன தம்பி, மஞ்சளா?" என்றார் பாஸ்டர். குனிந்து, கையிலும் எடுத்துக்கொண்டார்.

"பெயின்ட்டுங்க ஐயா. விரிசலுக்குள்ளாற போயிருக்குது. அப்ப பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னயே விரிசல் இருந்திருக்குது. அதான் வெல்டு வச்சு, மேல பூசியிருக்காங்க. குடிச்சா மனுசன் ஒடைவானுங்க. இரும்பு ஒடையாது."

"பெயின்ட் எப்ப அடிச்சதுங்க பென்னி?"

பாஸ்டர் கேட்டதும் மாமா ஸ்டூலிலிருந்த டம்ளர்களை நேராக்கினார்.

"புது வருசத்துக்குங்க," என்றான் ஜாபெஸ். "வண்டி ஜெபத்துக்கு. நீங்கதான கை வச்சு ஜெபம் பண்ணுனீங்க?"

பாஸ்டர் நக்கிளை ஸ்டூலில் மெதுவாக இறக்கிவைத்தார். பிறகு கையை அங்கியில் துடைத்துக்கொண்டார். கமிட்டிச் செயலாளர் பந்தலின் கூரையை ஆராய்ந்தார்.

மாமாதான் முதலில் தெளிந்தார். "நான் குடிச்சிருந்தாருன்னா சொன்னேன்? வாசம் வந்த மாதிரி இருந்துச்சுன்னுதானுங்க சொன்னேன். ஆசுபத்திரி ஸ்பிரிட்டு வாசமா இருக்கும். துக்கத்துல மனுசனுக்கு மூக்கு வேல செய்யுதுங்களா?"

"செய்யாதுங்க," என்றார் செயலாளர் உடனே.

"நொம்ப நல்ல மனுசனுங்க," என்றார் பாஸ்டர். "கோயிலுக்குள்ளயே வச்சுக்கலாம். மணியடிக்கச் சொல்லுங்க."

அவ்வளவுதான். இரண்டு நாள் இழுத்த வழக்கு ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. நக்கிளை வெல்டு வைக்கச் சொன்னது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஜாபெஸ் கேட்பதற்காக வாயெடுத்தான். பெட்டியின் தலைமாட்டிலிருந்து அம்மா பிரிஸ்கில்லா எழுந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அப்பா உள்ள போறாருல்ல கண்ணு. போதும்."

"அம்மா, மாமா தெரிஞ்சே..."

"ஊடு அவுனுது. நாம இருக்கற ஊடு."

சொல்லிவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். மாமா செருப்பைப் பார்த்தார். அவள் திரும்பிப் போய் அப்பாவின் டையை நேராக்கினாள்.

பெட்டியை எடுத்தார்கள். முன்னால் இடது பக்கம் மாமா தோள் கொடுத்தார், யாரும் கேட்காமலே. பந்தலைத் தாண்டும்போது ஜாபெஸ் திரும்பிப் பார்த்தான். ஸ்டூலில் துண்டு மட்டும் நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. நக்கிளைக் காணோம்.

கோயிலில் பாஸ்டர், எல்லாம் கர்த்தருடைய சித்தம் என்றார். வெல்டிங் யாருடைய சித்தம் என்று சொல்லவில்லை. மாமா முதல் பெஞ்சில் உட்கார்ந்து மூன்று பாட்டையும் புத்தகம் பார்க்காமல் பாடினார். நல்ல குரல். பின்னால் இருந்த பெண்கள் அதைக் கேட்டு இன்னொரு தரம் அழுதார்கள்.

மண் போட்டு முடிந்து கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே டீ கொடுத்தார்கள். மாமா போனில் பேசிவிட்டு வந்து அவன் தோளில் கை போட்டார்.

"பெங்களூர் பார்ட்டி. நாளைக்கு வர்றாங்க. வேண்டாம்னுதான் சொன்னேன், கேக்க மாட்டேங்கறாங்க." குரலைத் தாழ்த்தினார். "உன்ற லைசென்ஸு இருக்குதல்ல கண்ணு? அப்பன் பேர நீதான் காப்பாத்தோணும்."

மாமா தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் பாஸ்டரை வழியனுப்பப் போனார்.

டீயில் ஆடை படிந்திருந்தது. அதை விரலால் தூக்கி எடுத்தான். பக்கத்தில் மாமாவின் இன்னொரு ஜீப், புதிது, நாளைய பார்ட்டிக்காகக் கழுவித் துடைத்து நின்றது. அதன் பானெட்டில் விரலை ஒரு பக்கம் துடைத்தான், திருப்பி மறுபக்கமும் துடைத்தான். பிறகு டீயைக் குடித்தான்.